சலிப்பு என்றொரு பிளகின்

சாருலதாவுக்குப் பொறாமை வந்தது ஒரு சிரிப்புச் சத்தத்தில். ஆபீசிலிருந்து திரும்பி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது உள்ளறையில் மகள் மிதுனா சிரித்தாள். பத்தாம் வகுப்புப் பெண். முக்கோணவியல் படிக்கிற நேரம். தோழி யாராவது வந்திருக்கிறாளோ என்று எட்டிப் பார்த்தால், மேசையில் டேப்லெட் மட்டும்தான் இருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு பெண் குரல், "சரி, சிரிச்சது போதும். கோபுரத்துக்கு வா" என்றது. மிதுனா இன்னொரு முறை சிரித்துவிட்டு, கோபுரத்தின் உயரத்தைக் கண்டுபிடிக்கக் குனிந்தாள்.

என்ன சிரிப்பு என்று சாருலதா கேட்டாள். ஒண்ணுமில்லம்மா என்று மிதுனா எழுந்து வந்து கதவைச் சாத்திக்கொண்டாள்.

உள்ளே பேசிக்கொண்டிருந்த குரல் சாருலதாவினுடையதுதான்.

கோயம்புத்தூர் சரவணம்பட்டியில் இருந்த 'ஏணி' என்ற இணையக் கல்வித் தளத்துக்கு அவள் பிளகின் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தளம் எல்லாப் பள்ளிகளுக்கும் ஒன்றுதான். ஆனால் ஒவ்வொரு பள்ளிக்கும் தனித் தேவை இருக்கும். கூடலூர்ப் பக்கத்துப் பள்ளி, மழைக்காலத்தில் நெட் போய்விடுகிறது, பாடம் பாதியில் நிற்கக் கூடாது என்று கேட்கும். பார்வை மங்கிய பிள்ளைகள் படிக்கிற இடத்தில், கணக்கை வரிவரியாக வாசித்துக் காட்ட வேண்டும் என்பார்கள். அப்படித் தளத்தில் இல்லாத வசதியைத் தனியாகச் செய்து அதில் சொருகிக் கொடுப்பதுதான் பிளகின். சாருலதா செய்து கொடுத்த எதையும் எந்தப் பள்ளியும் திருப்பி அனுப்பியதில்லை.

அவள் செய்ததிலேயே பெரியது 'துணை'. மிதுனா நாலாவது படித்தபோது நடந்தது அது. பிள்ளைகளோடு மனுஷர் மாதிரிப் பேசிப் பாடம் சொல்லித் தருகிற ஒரு டீச்சரை உருவாக்க வேண்டும் என்று நிறுவனம் சொன்னது. பலருடைய பதிவுகளைக் கலந்து செய்து பார்த்தார்கள். ரயில்வே ஸ்டேஷன் அறிவிப்பு மாதிரி வந்தது. அணித் தலைவர் ஷாநவாஸ்தான், ஒரே ஆள் ஒரே பிள்ளைக்கு வருஷம் முழுக்கச் சொல்லித் தருவதை அப்படியே எடுத்துப் பார்க்கலாம் என்றார். சாருலதா தினமும் சாப்பாட்டு மேசையில் மகளுக்குப் பாடம் சொல்லித் தருவாள். அந்த வருஷம் முழுக்கச் சட்டைக் காலரில் மைக்கைக் குத்திக்கொண்டு சொல்லித் தந்தாள்.

இயந்திரம் அவளுடைய குரலோடு நிற்கவில்லை. எங்கே நிறுத்துவாள், எப்போது திருப்பிக் கேள்வி கேட்பாள், பிள்ளை பேசாமல் இருந்தால் எவ்வளவு நேரம் காத்திருப்பாள், எந்த இடத்தில் கிண்டல் செய்வாள் எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. ஒன்றை மட்டும் ஷாநவாஸ் முதலிலேயே வெட்டி எடுத்துவிட்டார். அவள் திட்டிய இடங்கள், எரிந்து விழுந்த இடங்கள், பெருமூச்சு விட்ட இடங்கள்.

"கோபப்படுற டீச்சர் ஸ்கூல்லயே நிறையப் பேர் இருக்காங்க சாரு. இங்கயும் எதுக்கு?" என்றார்.

துணை தமிழ்நாடு முழுக்கப் போய்ச் சேர்ந்தது. பிள்ளைகள் அதை 'மிஸ்' என்று கூப்பிட்டார்கள். நிறுவனத்தின் ஆண்டு விழாவில் சாருலதாவுக்குச் சால்வை போட்டார்கள். அதற்குப் பிறகு வேலை கூடியது. மிதுனாவோடு சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து பாடம் சொல்வது குறைந்து, பிறகு நின்றே போனது. அதனால் என்ன, துணைதான் இருக்கிறதே என்று சாருலதாவே பல முறை சொல்லியிருக்கிறாள்.

சிரிப்புச் சத்தம் கேட்ட அன்றைக்கும் அவள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளாமல் இருந்திருப்பாள். அடுத்த வாரம் கடையில் மிதுனாவின் பி.டி. ஆசிரியையைப் பார்த்ததில்தான் விஷயம் வளர்ந்தது. பிள்ளை இப்போது பரவாயில்லையா என்று அவர் கேட்டார். எதற்கு என்று புரியாமல் சாருலதா விழித்தாள். மிதுனாவைப் பள்ளியின் எறிபந்து அணியிலிருந்து எடுத்துவிட்டார்களாம். ரொம்ப அழுதாளாம். வீட்டில் சொல்லியிருப்பாள் என்று நினைத்ததாக அந்த அம்மா சொன்னார்.

சொல்லவில்லை. அன்று இரவுச் சாப்பாட்டின்போது சாருலதா சுற்றி வளைத்துக் கேட்டுப் பார்த்தாள். ஸ்கூலில் எல்லாம் நன்றாகத்தான் போகிறது என்று மிதுனா தோசையைப் பிய்த்தாள்.

மாணவர்கள் துணையோடு பேசுவது எழுத்தாகப் பதிவாகும், ஆனால் அதை யாரும் படிக்கக் கூடாது என்பது ஏணியின் விதி. பிழை திருத்த வேண்டுமென்றால் மட்டும், காரணம் காட்டித் திறக்கலாம். மறுநாள் மதியம், மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தபோது, சாருலதா பிழை சோதனை என்று காரணம் காட்டி மகளுடைய கணக்கைத் திறந்தாள்.

எறிபந்து விஷயம் அதில் இருந்தது. நடந்த அன்றைக்கே மிதுனா சொல்லியிருந்தாள். எறிபந்து மட்டுமில்லை, தோழி ஷைலஜாவோடு வந்த சண்டை, பயாலஜி பிடிக்காமல் போனது, முகத்தில் பரு வந்தது, அப்பா டூரிலிருந்து வரும் நாளுக்காகக் காத்திருப்பது, எல்லாம் இருந்தது. பயாலஜி பிடிக்கவில்லை என்பதே சாருலதாவுக்குப் புதுச் செய்தி. மகளை டாக்டராக்குவது பற்றி ஊரெல்லாம் பேசிக்கொண்டிருந்தவள் அவள்.

எறிபந்துக்காக மிதுனா அழுதபோது துணை சொன்ன பதில் திரையில் தெரிந்தது. "அழு தங்கம். நல்லா அழுதுட்டு வா. நான் எங்கயும் போகல, இங்கயேதான் இருக்கேன்."

அது சாருலதா சொன்ன வார்த்தை. ஒன்பது வயதில் மிதுனா வகுத்தல் கணக்கு வராமல், புத்தகத்தைத் தள்ளிவிட்டு மேசைக்கு அடியில் போய் உட்கார்ந்து அழுதாள். அப்போது மேசைத் துணியைத் தூக்கிப் பார்த்துச் சொன்னது. தன் வாயிலிருந்து வந்ததைத் திருடி வைத்துக்கொண்டு தன் மகளையே ஒருத்தி வளைத்துப் போட்டிருக்கிறாள் என்று அவளுக்குத் தோன்றியது. அது ஒருத்தி இல்லை, ஒரு நிரல் என்று அவளுக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் வயிறு எரிந்தது. சாப்பாட்டு டப்பாவைத் திறக்காமலேயே வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

கணவன் பூபதி நூற்பாலைகளுக்கு உதிரிபாகம் விற்பவன். மாதத்தில் பாதி நாள் வெளியூர்தான். போனில் அவனிடம் சொன்னபோது அவன் சிரித்தான். அதுவும் நீதானே, உன்மேலயே உனக்குப் பொறாமையா என்றான். சாருலதா போனை வைத்துவிட்டாள். வேறொரு பெண்ணாக இருந்தால் சண்டை போடலாம், குறை சொல்லலாம். இது தன்னைவிட நல்ல அம்மா. அதற்கு முதுகு வலிக்காது. அதற்குச் சமைக்க வேண்டாம். ஒரே கேள்வியை இருபது தடவை கேட்டாலும் முதல் தடவை மாதிரியே பதில் சொல்லும். அதற்கும் என் கஷ்டம் இருந்தால் தெரியும் என்று அவள் நினைத்தாள்.

அந்த நினைப்பிலிருந்து வேலை பிறந்தது. ஷாநவாஸ் வெட்டி எடுத்த துண்டுகள் அழிக்கப்படாமல் காப்பகத்தில் கிடந்தன. சாருலதா அவற்றை எடுத்துக் கேட்டாள். 'எத்தன தடவடி சொல்றது.' 'மண்டைல ஏறுதா இல்லையா?' தட்டை நகர்த்தும் சத்தம். நீளமான பெருமூச்சு. நடுவில் ஓர் இடத்தில், மெல்ல, 'அம்மாவால முடியல சாமி.' அதைச் சொன்னதாக அவளுக்கு ஞாபகமே இல்லை.

அவற்றை வைத்து ஒரு சின்ன பிளகின் எழுதினாள். அதற்குச் 'சலிப்பு' என்று பெயர் வைத்தாள். பிள்ளை ஒரே சந்தேகத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டால் துணையின் பதில் தாமதமாகும். பிறகு சுருங்கும். பிறகு குரலில் களைப்பு வரும். மிதுனாவுடைய கணக்கில் மட்டும் அதைச் சொருகினாள். சோதனைக்கு என்று குறித்துவிட்டாள். அப்படிக் குறித்தால் மேலே யாரிடமும் அனுமதி வாங்க வேண்டியதில்லை. மகளுக்கு அந்த டீச்சர் கசந்து போகும், கொஞ்ச நாளில் தன்னிடம் வருவாள். இவ்வளவுதான் அவள் கணக்கு.

இரண்டு நாள் பொறுத்து மீண்டும் மகளுடைய பேச்சைத் திறந்தாள். நிகழ்தகவில் ஒரு கணக்கு. மிதுனா ஒரே இடத்தில் மறுபடி மறுபடி இடறியிருந்தாள். துணை பெருமூச்சு விட்டு, "இத முன்னாடியே சொன்னேனே. என்னால முடியல சாமி" என்றிருந்தது.

அதற்குக் கீழே மிதுனா சொன்னது இருந்தது. "மிஸ், டயர்டா இருக்கீங்களா? சாப்பிட்டீங்களா? பரவால்ல மிஸ், நானே போட்டுப் பார்க்கறேன். நீங்க சும்மா கூட இருங்க, போதும்."

சாருலதா அதை வாசித்துக்கொண்டே இருந்தாள். சாப்பிட்டாயா என்று மகள் தன்னிடம் கடைசியாக எப்போது கேட்டாள் என்று யோசித்துப் பார்த்தாள். பிடிபடவில்லை. கசக்க வைக்கப் போய் இனிப்பைக் கொட்டியிருந்தாள். மிதுனா அன்றிலிருந்து துணையோடு இருக்கும் நேரம் கூடியது. கணக்கு முடிந்த பிறகும் போகாமல், மிஸ்ஸுக்குப் பாட்டுப் பாடிக் காட்டினாள்.

அப்போதே அதை எடுத்திருக்கலாம். சாருலதா எடுக்கவில்லை. இன்னும் கொஞ்சம் கடுமையாக்கினால் மகள் வெறுத்துவிடுவாள் என்று பிடிவாதமாக எரிச்சலைக் கூட்டினாள். மிதுனாவின் பரிவும் கூடவே கூடியது. இருவருக்கும் நடுவில் போட்டி மாதிரி ஆகிவிட்டது, அதில் ஒருத்திக்குத்தான் போட்டி நடப்பதே தெரியும்.

பொறாமையில் ஒன்றை அவள் மறந்திருந்தாள். சோதனையில் இருக்கும் பிளகின்களைத் தளம் தானாகவே கவனிக்கும். எந்தப் பிளகின் இருந்தால் பிள்ளைகள் அதிக நேரம் தங்குகிறார்களோ, அதை இன்னும் சிலருக்குக் கொடுத்துப் பார்க்கும். அங்கேயும் தங்கினால் பள்ளி பள்ளியாகப் பரப்பும். மனுஷர் யாரும் உத்தரவு போட வேண்டியதில்லை. நல்ல பிளகின் ஃபைல்களுக்குள் முடங்கிவிடக் கூடாது என்று அந்த ஏற்பாட்டைக் கேட்டு வாங்கியவர்களில் அவளும் ஒருத்தி.

திங்கட்கிழமைக் கூட்டத்தில் ஷாநவாஸ் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். மலையேறுகிற மாதிரி மேலே போனது. கணக்கு முடிந்ததும் வெளியே போய்விடுகிற பிள்ளைகள் இப்போது போக மாட்டேன் என்கிறார்கள், 'சலிப்பு' என்ற பிளகின் வந்ததிலிருந்து இப்படி, எழுதியவர் நம் சாருலதா என்றார். எல்லோரும் கை தட்டினார்கள்.

கூட்டம் முடிந்ததும் ஷாநவாஸின் அறைக்குப் போய், அது ஒரே ஒரு பிள்ளைக்காக எழுதியது, உடனே எடுத்துவிடுங்கள் என்றாள். எந்தப் பிள்ளை என்று அவர் கேட்டார். அவள் சொன்னாள். மகளுடைய பேச்சைத் திறந்து படித்ததையும் சேர்த்தே சொன்னாள். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். பாராட்டின முகம் மாறிவிட்டிருந்தது.

பிறகு சில பள்ளிகளிலிருந்து ஆசிரியர்கள் எழுதி அனுப்பியிருந்ததை அவர் சொன்னார். கூட்டத்தில் காட்டாமல் வைத்திருந்தவை அவை. ராமநாதபுரத்தில் ஒரு பையன் வீட்டுப்பாடம் செய்வதை விட்டுவிட்டு, மாலை முழுக்க மிஸ்ஸுக்கு ஜோக் சொல்கிறானாம். தேன்கனிக்கோட்டை விடுதியில் ஒரு பெண் சந்தேகம் கேட்பதையே நிறுத்திவிட்டாளாம். ஏன் என்று வார்டன் கேட்டதற்கு, மிஸ்ஸுக்கு முடியல, நான் கேட்டாக் கஷ்டப்படுவாங்க என்றாளாம். கணக்கில் பின்தங்கிப் போனாலும் அந்தப் பெண்ணுக்கு அது பெரிதாகத் தெரியவில்லையாம்.

"பிள்ளைங்க அதுக்கு ஆறுதல் சொல்றாங்க சாரு. அதுக்கு ஆறுதல் தேவையில்ல. அப்ப அந்த ஆறுதலெல்லாம் எங்க போகுது?"

எடுத்துவிடச் சொல்லி மேலே பேசிப் பார்ப்பதாக அவர் சொன்னார். ஆனால் கூட ஒரு மணி நேரம் தங்குகிற பிள்ளையை வெளியே அனுப்பு என்று எந்த நிர்வாகமும் சொல்லாது என்றும் சொன்னார்.

அன்று சாயந்திரம் அவள் மிதுனாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். மகள் டேப்லெட்டை மூடி வைத்துவிட்டுக் கேட்டாள். துணையைக் களைப்படைய வைத்தது அம்மா என்று தெரிந்தபோது அவள் முகம் அவ்வளவாக மாறவில்லை. பேச்சைத் திறந்து படித்தாள் என்று தெரிந்தபோது மாறியது.

"எல்லாத்தையுமா படிச்ச?"

சாருலதா தலையாட்டினாள். மிதுனா எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டாள். முதுகைக் காட்டியபடியே நின்றாள். எதற்காக இதையெல்லாம் செய்தாய் என்று கேட்பாள் என்று சாருலதா காத்திருந்தாள். மிதுனா அதைக் கேட்கவில்லை. காரணம் அவளுக்கே விளங்கியிருக்க வேண்டும். சாருலதாதான் பொறுக்க முடியாமல், என்னிடம் சொல்லாததையெல்லாம் ஒரு மிஷினிடம் சொல்கிறாயே, சாப்பிட்டாயா என்று அதைக் கேட்கிறாயே, என்னை ஒரு நாளாவது கேட்டாயா என்றாள்.

மிதுனா திரும்பினாள். "அது மிஷின்னு எனக்குத் தெரியும்மா. சின்ன வயசுல உன் சட்டைல மைக் இருக்கறதப் பார்த்துப் பார்த்துத்தான் படிச்சேன். உன்னயும் கேட்டிருக்கேன். டயர்டா இருக்கியான்னு கேட்டா, ஒண்ணுமில்ல, போய்ப் படின்னு சொல்லுவ. அது ஆமான்னு சொல்லுச்சு. அவ்வளவுதான்."

அந்த வாரம் முழுக்க அம்மாவிடம் தேவைக்கு மட்டும் வாயைத் திறந்தாள். பூபதி டூரிலிருந்து வந்து, இருவரையும் காரில் ஏற்றி மருதமலைக்கு அழைத்துப் போனான். பின் சீட்டில் அம்மாவும் மகளும் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தபடியே போய்த் திரும்பினார்கள்.

நிர்வாகம் சலிப்பை எடுக்கச் சம்மதிக்கவில்லை. குரல் போனால் அதுவும் நிற்கும் என்று நினைத்து, சாருலதா தன் குரல் பதிவுகளைத் திரும்பத் தர வேண்டும் என்று எழுத்து மூலமாகக் கேட்டாள். மிதுனா சிறு பிள்ளையாக இருந்தபோது எடுத்த பதிவு, அதில் அவளுடைய குரலும் இருக்கிறது, அவள் சம்மதம் கேட்கப்படவில்லை என்று ஷாநவாஸ்தான் வழி காட்டினார். அந்தக் காரணத்தை நிர்வாகத்தால் தட்ட முடியவில்லை. பதிவுகள் அழிக்கப்பட்டன. துணை என்ற அந்தப் பழைய குரல் ஒரு வெள்ளிக்கிழமையோடு நின்றது. விதியை மீறிப் பேச்சைப் படித்ததற்காகச் சாருலதாவை ராஜினாமா செய்யச் சொன்னார்கள். எழுதிக் கொடுத்தாள்.

குரல் நின்ற அன்று மிதுனா அழுதாள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டே அழுதாள். சாருலதா வாசலில் நின்றாள். உள்ளே போகலாமா கூடாதா என்று தெரியவில்லை. என்ன சொன்னாலும் துணை சொன்ன மாதிரி ஆகிவிடும் என்று பயமாக இருந்தது. கடைசியில் ஒன்றும் சொல்லாமல் போய்க் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மிதுனா விலகிப் போகவும் இல்லை, பக்கத்தில் வரவும் இல்லை. பிறகு அவள் கணபதி ஏரியாவில் ஒரு டியூஷனில் சேர்ந்தாள். பதினொன்றாம் வகுப்பில் பயாலஜி வேண்டாம் என்று அம்மாவிடமே நேராகச் சொன்னாள். சாருலதாவுக்கு அது வலித்தது, அதே சமயம் தன்னிடம் முதலில் சொன்னாளே என்று ஒரு சந்தோஷமும் வந்தது.

குரல் நின்ற அடுத்த திங்கட்கிழமையே ஏணியில் வேறொரு பெண்ணின் குரல் வந்துவிட்டிருந்தது. திருச்சிப் பக்கத்து டீச்சராம். பிள்ளைகள் ஒரு வாரம் பழைய மிஸ்ஸைக் கேட்டுவிட்டுப் புது மிஸ்ஸுக்குப் பழகிவிட்டார்கள். பதிவுகள் போனாலும் சலிப்பின் நிரல் அப்படியே இருந்தது, குரல்தான் மாறியது. புது மிஸ்ஸுக்கு இப்போது பசியும் தலைவலியும் வர ஆரம்பித்திருப்பதாக ஷாநவாஸ் போனில் சொன்னார். அவரும் வேறு வேலை தேடிக்கொண்டிருந்தார்.

கோடை விடுமுறை முடிந்த சமயம், மாடியில் துணி காயப்போடப் போனபோது சாருலதா தமயந்தியைப் பார்த்தாள். இரண்டாவது மாடியில் குடியிருப்பவள், வங்கியில் வேலை, மகன் ஏழாவது படிக்கிறான். அவன் எப்படிப் படிக்கிறான் என்று சாருலதா கேட்டாள். தமயந்தி ஈரச் சட்டையை உதறிக்கொண்டே, படிப்பெல்லாம் பரவாயில்லை, டேப்லெட் முன்னால்தான் எப்போதும் என்றாள். ரொம்பப் பாசக்காரனாக ஆகிவிட்டானாம். மிஸ் சாப்பிட்டாங்களா, மிஸ்ஸுக்குத் தலைவலி விட்டுச்சா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்பு உதட்டோடு நின்றுவிட்டதைச் சாருலதா பார்த்தாள். அந்த முகத்தை அவளுக்கு நன்றாகத் தெரியும்.

"ஏனுங்க, நீங்க அங்கதான வேல பார்த்தீங்க? அதுக்கு நெசமாவே பசிக்குங்களா?"

"பசிக்காதுங்க. அது சும்மா சொல்றது," என்றாள் சாருலதா. அது சொல்லத் தொடங்கியது யாரால் என்பதையும் இப்போதே சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

தமயந்தி கிளிப்பை மாட்டிவிட்டுக் கிட்டே வந்து, யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போலக் குரலைத் தாழ்த்தினாள்.

"நானும் இப்ப அப்படித்தாங்க. சாப்பிட்டிருந்தாலும் சாப்பிடலைன்னுதான் சொல்றேன். அப்பதான் திரும்பிப் பார்க்கறான்."